'ஃபேம்' (1980): பார்க்கும் முன்னும் பார்த்த பின்னும் எழும் கேள்விகள்

ஆலன் பார்க்கர் இயக்கிய 'ஃபேம்' படத்தை நடனமும் நாடகமும் கற்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பல வருடமாகச் சிபாரிசு செய்து வருகிறேன். பார்க்கும் முன் சிலர் சந்தேகம் கேட்பார்கள். பார்த்த பின் எல்லாருமே கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி அநேகமாக மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். இன்னும் படம் பார்க்காதவர்கள், பிள்ளைகளோடு பார்க்கலாமா என்ற கேள்வி வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கதையின் உள்விவகாரங்கள் வருகின்றன.

இந்தப் படம் எதைப் பத்தினது? கதையைப் போட்டு உடைக்காம சொல்லுங்க.

நியூயார்க் நகரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நடிப்பு, நடனம், இசை என்று மூன்று துறைகள். கணக்கும் ஆங்கிலமும் உண்டு, ஆனால் உள்ளே நுழைய வேண்டுமென்றால் தேர்வாளர்கள் முன் ஆடியோ பாடியோ நடித்தோ காட்ட வேண்டும். அந்தத் தேர்வு நாளில் படம் தொடங்குகிறது. பிறகு நான்கு ஆண்டுகள், கடைசியில் பட்டமளிப்பு விழா. படம் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் திரையில் தலைப்பு வரும்.

நாயகன், நாயகி, வில்லன் என்று யாரும் கிடையாது. எட்டுப் பிள்ளைகள், நாலைந்து ஆசிரியர்கள். பதினாலு வயதில் 'எனக்குத் திறமை இருக்கிறது' என்று நம்பி வந்த பிள்ளைக்கு, பதினெட்டு வயதுக்குள் அந்த நம்பிக்கை என்னவாகிறது என்பதுதான் படம். தலைப்பு புகழ் என்றாலும், படம் முழுக்க ஒருவருக்குக்கூடப் புகழ் கிடைப்பதைக் காட்டுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

எட்டு பேரா? யார் யாருன்னே பிடிபடலையே.

முதல் அரை மணி நேரம் எல்லாருக்குமே அப்படித்தான். ஆடிஷன் பகுதியில் முகங்கள் வேகமாக வந்து போகும். யார் தேர்வாகிறார், யார் திரும்பிப் போகிறார் என்று நமக்கும் தெரியக்கூடாது என்றே அப்படி வெட்டித் தொகுத்திருக்கிறார்கள்.

நடிப்புத் துறையில் மூன்று பேர். டோரிஸ் கூச்ச சுபாவம், எல்லாவற்றுக்கும் அம்மா முன்னால் வந்து நிற்பார். மான்ட்கோமரி ஒரு நடிகையின் மகன். அம்மா ஊர் ஊராகப் போய்விட, டைம்ஸ் சதுக்கம் அருகே பெரும்பாலும் தனியாக வாழ்கிறான். ரால்ஃப் கார்சியின் உண்மைப் பெயர் ராவுல் கார்சியா. போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பையன், வாய் ஓயாமல் பேசிச் சிரிக்க வைப்பவன். இசையில் புரூனோ. அப்பா டாக்ஸி ஓட்டுகிறார், மகன் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி மட்டும் போதும் என்கிறான். நடனத்தில் லெராய், லிசா, ஹிலரி. லெராய்க்கு முறையான பயிற்சி கிடையாது, ஹிலரிக்குப் பணமும் பாலே பயிற்சியும் உண்டு, லிசாவுக்கு உழைப்பதில் அக்கறை இல்லை. எட்டாவது ஆள் கோகோ. பாட்டு, ஆட்டம், நடிப்பு மூன்றும் வரும், கூடவே அவசரமும்.

1980ல வந்ததைப் பார்க்கணுமா, 2009ல வந்ததா?

1980. இரண்டும் ஒரே பள்ளியைப் பற்றியவை, ஒரே பெயர் கொண்டவை. அதனால் இணையத்தில் தேடும்போது தவறாகப் புதியதை எடுத்துவிடுகிறார்கள். பழைய படம் ஏறக்குறைய 134 நிமிடம். ஆலன் பார்க்கர், கோகோவாக நடித்த ஐரீன் காரா என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், போதும்.

2009 படத்தை கெவின் டான்சரோன் இயக்கினார். ஆட்டம் சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள். பழைய படத்தில் உறுத்தியதையெல்லாம் இதில் வழித்து எடுத்துவிட்டார்கள், அதோடு உயிரும் போய்விட்டது என்பது என் கருத்து. நடூரி நாட்டன் பியானோவில் உட்கார்ந்து 'அவுட் ஹியர் ஆன் மை ஓன்' பாடும் இடத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.

மியூசிக்கல்னா எனக்கு அலர்ஜி. பேசிட்டே இருக்கிறவங்க திடீர்னு பாட ஆரம்பிச்சுடுவாங்களே?

இதில் அந்தப் பிரச்சினை இல்லை. பாட்டு வரும் இடங்களில் எல்லாம் பாடுவதற்குக் காரணம் இருக்கிறது: பியானோ முன்னால், வகுப்பில், மேடையில். பேச்சுக்குப் பதிலாக யாரும் பாடுவதில்லை.

மதிய உணவு நேரத்துக் காட்சியைப் பாருங்கள். உணவுக்கூடத்தில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளம் போட, ஒருத்தி பாட, கொஞ்ச நேரத்தில் மேஜை மேலேயே ஆட்டம் நடக்கிறது. டோரிஸ் சாப்பாட்டுத் தட்டோடு நடுவில் மாட்டிக்கொள்கிறாள். எல்லாரும் இவ்வளவு கெட்டிக்காரர்களா என்று மிரண்டு வெளியே ஓடிவிடுகிறாள். அங்கேதான் மான்ட்கோமரியோடு பழக்கம் தொடங்குகிறது. கூட்டம் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது கேமரா பயந்த பிள்ளையின் பின்னால் போகிறது. இந்தப் படத்தின் குணமே இதுதான்.

படத்துக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஹாட் லஞ்ச்'. அதே பெயரில் ஒரு நீலப்படம் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்ததும் பார்க்கர் பெயரை மாற்றினார். 'ஹாட் லஞ்ச் ஜாம்' என்று அந்த உணவுக்கூடப் பாட்டில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது.

அந்தப் பள்ளி நிஜமாவே இருக்கா, கற்பனையா?

நிஜம். நிகழ்த்துகலை உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் 1940களின் கடைசியில் தொடங்கியது. மன்ஹாட்டனில் மேற்கு 46ஆம் தெருவில், பிராட்வே நாடக அரங்குகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அல் பசினோ, லிசா மினெல்லி போன்றவர்கள் அங்கே படித்தவர்கள். இதற்கு முன்பே 1936இல், அப்போதைய மேயர் லா கார்டியாவின் முயற்சியால், இசைக்கும் ஓவியத்துக்கும் தனியாக ஒரு பள்ளி வந்திருந்தது. 1984இல் இரண்டும் லிங்கன் சென்டருக்கு அருகே ஒரே கட்டடத்துக்குப் போயின. இப்போது அந்தப் பள்ளிக்கு லா கார்டியாவின் பெயர். டிமதி ஷாலமே அங்கே படித்தவர்.

46ஆம் தெருப் பழைய கட்டடத்தில் 1988இல் பெரிய தீ விபத்து நடந்தது. பிறகு சீரமைத்து, ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் பெயரில் வேறொரு பள்ளி நடத்துகிறார்கள். நியூயார்க் போகிறவர்கள் வாசல் வரை போய்ப் பார்க்கலாம்.

அப்போ படத்தை அங்கேயே எடுத்தாங்களா?

இல்லை. நகரக் கல்வி வாரியம் அனுமதி தரவில்லை. பார்க்கர் அதற்கு முன் எடுத்த படம் 'மிட்நைட் எக்ஸ்பிரஸ்'. துருக்கிச் சிறையில் சிக்கிய அமெரிக்க இளைஞனின் கதை, பார்க்கவே கஷ்டமான வன்முறை. அப்படிப்பட்டவர் தங்கள் பள்ளியை என்னவாகக் காட்டுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. திரைக்கதையில் இருந்த கெட்ட வார்த்தைகளும் போதைப்பொருளும் அந்தப் பயத்தை அதிகமாக்கின.

ஆகவே மூடிக்கிடந்த ஹாரன் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் உட்புறக் காட்சிகளை எடுத்தார்கள். வெளிவாசலாக நாம் பார்ப்பது, உண்மையான பள்ளிக்கு எதிரே இருந்த தேவாலயத்தின் வாசல். படத்தில் தெரியும் உரிந்த பெயின்ட், இருட்டு மாடிப்படி, நெரிசலான வகுப்பறை எல்லாம் எனக்கு மிகவும் பிடிக்கும். பளபளப்பான அரங்கில் எடுத்திருந்தால், இந்தப் பிள்ளைகள் எதிலிருந்து மேலே வரப் பார்க்கிறார்கள் என்பது புரிந்திருக்காது.

நடிச்சவங்க அந்தப் பள்ளியில படிச்சவங்களா?

ஒரு சிலர். லெராயாக நடித்த ஜீன் ஆண்டனி ரே அங்கே சேர்ந்து ஓராண்டோடு வெளியேறியவர், கட்டுப்பாடு ஒத்துவரவில்லை. படத்தில் லெராய் பள்ளியோடு மல்லுக்கட்டும் இடங்களில் தெரியும் கோபம் இந்தப் பையனுக்குப் புதிதில்லை. ஹிலரியாக வரும் அன்டோனியா ஃபிரான்செஸ்கி பிற்பாடு நியூயார்க் சிட்டி பாலே குழுவிலேயே ஆடினார். ரால்ஃபாக வரும் பாரி மில்லர் அப்போதே நடிகர், 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஏற்கெனவே நடித்திருந்தார். மான்ட்கோமரியாக வரும் பால் மெக்ரேன், கிதாருடன் பாடும் பாட்டைத் தானே எழுதியவர்.

ஆசிரியர்களில், இசை ஆசிரியர் ஷொரோஃப்ஸ்கியாக வரும் ஆல்பர்ட் ஹேக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பெர்லினில் பிறந்த யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர், பிராட்வே இசையமைப்பாளராக, நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர். நடிப்பு அவருக்குத் தொழிலே அல்ல. சிந்தசைசர் வைத்திருக்கும் புரூனோவிடம் அவர் மரபிசைக்காக வாதாடும்போது, இசையிலேயே வாழ்ந்த ஒரு மனிதர் பேசுவது கேட்கிறது.

"புகழுக்கு விலை உண்டு, அதை வியர்வையால கட்டணும்"னு ஒரு டயலாக் வருமே, அது எந்த இடத்துல? ரெண்டு தடவை பார்த்தும் காணோம்.

படத்தில் அது இல்லை. 1982இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில், நடன ஆசிரியை லிடியாவாக வரும் டெபி ஆலன் கையில் கோலோடு நின்று சொல்வது அது. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் வந்ததால் உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. படத்திலும் டெபி ஆலன் இருக்கிறார், ஆனால் தேர்வுக் காட்சியில் கொஞ்ச நேரம்தான்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வசனம், உழைத்தால் புகழ் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. படம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உழைத்தும் கிடைக்காமல் போகலாம் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அதற்கு இருக்கிறது.

தொடர், மேடை நாடகம்னு வேற இருக்காமே? எது எதோட தொடர்ச்சி?

தொடர் 1982 முதல் 1987 வரை ஓடியது. படத்திலிருந்து புரூனோவாக நடித்த லீ குரேரி, ஆல்பர்ட் ஹேக், ஜீன் ஆண்டனி ரே, டெபி ஆலன் நால்வரும் அதில் தொடர்ந்தார்கள். கோகோவாக எரிகா கிம்பெல் வந்தார். குடும்பத்தோடு பார்க்கும் நிகழ்ச்சி என்பதால் கரடுமுரடெல்லாம் இழைக்கப்பட்டிருக்கும். பிரிட்டனில் அதற்கு இருந்த வரவேற்பைச் சொல்லி மாளாது. 1980இல் வந்த தலைப்புப் பாட்டு, தொடர் ஒளிபரப்பான பிறகு 1982இல்தான் அங்கே முதலிடத்துக்கு வந்தது.

மேடை நாடகம் 1988இல் மயாமியில் அரங்கேறியது. கதாபாத்திரங்களின் பெயர்கள் வேறு. படத்துப் பாட்டில் தலைப்புப் பாட்டு மட்டும்தான் அதில் உண்டு. கோகோவைத் தேடிப் போனால் அங்கே கார்மென் என்று ஒருத்தி இருப்பாள்.

டாக்ஸி மேல ஸ்பீக்கர் கட்டி ரோட்டுல ஆடுவாங்களே, அது எப்படி எடுத்தாங்க?

46ஆம் தெருவிலேயே, உண்மையான போக்குவரத்துக்கு நடுவே எடுத்தார்கள். நடன அமைப்பு லூயிஸ் ஃபால்கோ. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், படமெடுத்த நாளில் அந்தப் பாட்டே இல்லை. டோனா சம்மரின் 'ஹாட் ஸ்டஃப்' பாட்டை ஒலிக்கவிட்டு ஆடவைத்தார்கள். 'ஃபேம்' பாட்டு பிறகுதான் எழுதப்பட்டு அந்த ஆட்டத்தின் மேல் ஏறியது.

எல்லாரும் கார் மேல் ஏறி ஆடுகிறவர்களைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த முறை புரூனோவின் அப்பாவைப் பாருங்கள். மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே வாசிப்பவன். யாரும் கேட்காத இசை எதற்கு என்று அப்பாவுக்கு ஆதங்கம். மகனிடம் சொல்லாமலே அந்த டேப்பை எடுத்து வந்து, தன் பிழைப்புக்கான வண்டியின் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டி, பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, இது என் மகனுடைய இசை என்று தெருவுக்கே கத்திச் சொல்கிறார். புரூனோவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, தடுக்கப் பார்க்கிறான். அந்த அப்பாவாக வருபவர் எட்டி பார்த்.

ஆஸ்கர் வாங்கிச்சாமே, எதுக்கு?

இரண்டு விருதுகள், இரண்டும் இசைக்கு: சிறந்த பின்னணி இசை மைக்கேல் கோருக்கு, சிறந்த பாடல் 'ஃபேம்' பாட்டுக்காக அவருக்கும் பாடலாசிரியர் டீன் பிட்ச்ஃபோர்டுக்கும். மொத்தம் ஆறு பரிந்துரைகள். கிறிஸ்டோபர் கோரின் திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலி, அப்புறம் 'அவுட் ஹியர் ஆன் மை ஓன்' பாட்டு ஆகியவையும் பட்டியலில் இருந்தன. அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் மைக்கேலின் அக்கா லெஸ்லி கோர். 1963இல் 'இட்ஸ் மை பார்ட்டி' பாடிப் பதின்ம வயதிலேயே புகழ் பெற்றவர். பதினாறு, பதினேழு வயதில் புகழ் எப்படியிருக்கும் என்று அறிந்த ஒருவர், தனிமையைப் பற்றி எழுதிய பாட்டு அது.

பரிந்துரையில் இருந்த இரண்டு பாட்டையும் பாடியவர் ஐரீன் காரா. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

பிள்ளைகளோட உட்கார்ந்து பார்க்கலாமா? டான்ஸ் படம்தானே?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். கெட்ட வார்த்தை, போதைப்பொருள், கருக்கலைப்பு, ஒரு பெண்ணை ஏமாற்றி மேலாடையைக் கழற்றவைக்கும் காட்சி எல்லாம் உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை கலைத்துறைக்குப் போக ஆசைப்பட்டால், நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள், பிறகு சேர்ந்து பாருங்கள். அந்த வயதுக்கு இது அவசியமான படம் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கோகோ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

லெராய் அப்ளை பண்ணவே இல்லையே, அவனுக்கு எப்படி சீட் கிடைச்சுது? கூட வந்த பொண்ணு பாவம் இல்லையா?

பாவம்தான். ஷெர்லி என்ற அந்தப் பெண் தான் விண்ணப்பித்து, தானே நடனம் தயார் செய்து வருகிறாள். லெராய் அவளுக்கு ஜோடியாக ஆடிக் கொடுக்க வந்தவன், பள்ளியில் சேரும் எண்ணமே இல்லை. பாட்டு தொடங்கியதும் தேர்வாளர்களின் கண் ஷெர்லியை விட்டு இவனிடம் போய்விடுகிறது. அவள் எண்ணி எண்ணி அடி வைக்கிறாள், இவன் அலட்டிக்கொள்ளாமல் ஆடுகிறான். முடிவு தெரிந்ததும் அவள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெளியேறுகிறாள். அதற்குப் பிறகு படத்தில் அவள் வருவதே இல்லை.

இது அநியாயமா என்று கேட்டால், பள்ளியின் பக்கம் தவறு இல்லை. இருவரையும் ஒரே நேரத்தில் பார்த்த யாரும் லெராயைத்தான் எடுப்பார்கள். ஆனாலும் ஆசைப்பட்டவளுக்கு இல்லை, ஆசைப்படாதவனுக்குக் கிடைத்தது. திறமை ஆளைப் பார்த்து, தகுதியைப் பார்த்து வருவதில்லை என்ற கசப்பான உண்மையைப் படம் முதல் இருபது நிமிடத்திலேயே வைத்துவிடுகிறது.

லெராய்க்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்த டீச்சர் அவ்வளவு கடுமையா நடந்துக்கணுமா?

ஆங்கில ஆசிரியை மிஸஸ் ஷெர்வுட் வகுப்பில் அவனை எழுப்பிப் படிக்கச் சொல்கிறார், அவன் அவமானத்தில் வெடித்து, வெளியே போய்க் கண்ணாடிகளை உடைக்கிறான். அவர் அணுகியவிதம் எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஆடத் தெரிந்தால் போதும், படிக்காவிட்டால் பரவாயில்லை என்று மற்றவர்கள் விட்டுவிடத் தயாராக இருந்த பையனை, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இருவருடைய கணக்கும் கடைசி ஆண்டில் மருத்துவமனை நடைவழியில் தீர்கிறது. அவருடைய கணவர் உள்ளே ஆபத்தான நிலையில் இருக்கிறார். அது தெரியாமல், தேர்ச்சி போடுங்கள் என்று கேட்க லெராய் வந்து நிற்கிறான். உங்களைத் தவிர வேறு யாரைப் பற்றியாவது நினைக்கிறீர்களா என்கிற அர்த்தத்தில் அவர் கத்துகிறார், பிறகு உடைந்து அழுகிறார். அவன் போய்விடாமல் நிற்கிறான். ஷெர்வுடாக நடித்த ஆன் மியாரா நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர். இந்த ஒரு காட்சியில் அவர் எனக்கு வேறொருவராகத் தெரிந்தார்.

லிசாவை டான்ஸ்ல இருந்து தூக்கினது சரியா? அந்த ரயில் நிலையக் காட்சியில உயிரே போச்சு.

நடன ஆசிரியை மிஸ் பெர்க் அவளிடம் சொல்வது பொய்யில்லை. முதல் நாளிலிருந்தே அவள் மற்றவர்களோடு ஈடுகொடுக்கவில்லை, உழைக்கவும் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்ன ஆசிரியை, அதைக் கேட்ட பிள்ளை அன்று மாலை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. சுரங்க ரயில் வரும்போது லிசா விளிம்பில் போய் நிற்கிறாள். விழுந்துவிடுவாள் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நடன உடைப் பையைத் தண்டவாளத்தில் வீசிவிட்டு, நடிப்புத் துறைக்கு மாறிக்கொள்கிறேன் என்று ஒரு கெட்ட வார்த்தையோடு திரும்புகிறாள்.

சிலர் இதை மலிவான பயமுறுத்தல் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் 'ஐ சிங் தி பாடி எலக்ட்ரிக்' பாட்டில் தனியாகப் பாடுகிறவர்களில் லிசாவும் ஒருத்தி. அவளுக்கு இருந்த திறமை வேறு வாசலில் இருந்தது. படம் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை, கவனிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

கோகோவோட அந்த ஸ்க்ரீன் டெஸ்ட் காட்சி தேவையா? பார்க்கவே முடியல.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஓட்டலில் ஒருவன் அறிமுகமாகிறான், சினிமா இயக்குநர் என்கிறான், கேமரா சோதனைக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறான். போய்ப் பார்த்தால் அழுக்கான ஓர் அறை, ஒரு வீடியோ கேமரா. அவள் கிளம்பியிருக்கலாம். நீ தொழில்முறை நடிகை இல்லையா, பச்சைப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறாயே என்கிற தொனியில் அவன் பேசுகிறான். அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பிடித்துவைக்கிறது. நான்கு ஆண்டாக அவள் எல்லாரிடமும் தன்னைப் பற்றிச் சொல்லி வந்ததும் அதைத்தானே. சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே அழுகிறாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

பல படங்களில் இப்படிப்பட்டவன் முரடனாக வருவான், பார்த்ததுமே தெரிந்துவிடும். இவன் மரியாதையாகப் பேசுகிறான். தன்னம்பிக்கை உள்ள பெண் ஏமாறமாட்டாள் என்ற நம் எண்ணத்தை இந்தக் காட்சி உடைத்துவிடுகிறது, ஏனென்றால் அவன் பிடித்துக்கொண்டதே அவளுடைய தன்னம்பிக்கையைத்தான். கலைத்துறைக்குப் போக விரும்பும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான். கேமரா அவளை எவ்வளவு நேரம், எவ்வளவு காட்ட வேண்டும் என்பதில் எனக்கும் பார்க்கரோடு உடன்பாடு இல்லை. அவள் முகம் மட்டுமே போதுமாக இருந்தது.

மான்ட்கோமரி தன்பால் ஈர்ப்புள்ளவன்னு 1980லயே காட்டியிருக்காங்க. அதுக்குப் பாராட்டணுமா, சோகமாவே காட்டினதுக்குக் குறை சொல்லணுமா?

இரண்டும் நியாயம். வகுப்பில் எல்லார் முன்னாலும் தன்னைப் பற்றி அமைதியாகச் சொல்கிறான், கேலிப்பொருளாக ஆக்கப்படவில்லை. ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் காதல் வருகிறது, இவனுக்கு மட்டும் துணை இல்லை. டோரிஸும் ரால்ஃபும் நெருங்கும்போது ஒதுங்கி நிற்கிறான். அவனுடைய பெருந்தன்மை மட்டும் எஞ்சுகிறது. இன்று எழுதினால் அவனுக்கும் ஒரு வாழ்க்கை கொடுத்திருப்பார்கள்.

முடிவுல யாருக்கு என்ன ஆச்சுன்னே சொல்லலையே. ரால்ஃப் தேறினானா? கோகோ?

சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். ரால்ஃபுக்கு முன்மாதிரி ஃபிரெடி பிரின்ஸ். அதே பள்ளியில் படித்து, நகைச்சுவைக் கலைஞராகச் சின்ன வயதிலேயே உச்சத்துக்குப் போய், 1977இல் 22 வயதில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தவர். ரால்ஃப் கிளப் மேடையில் கைதட்டல் வாங்கி, போதையில் சறுக்கி, அதே மேடையில் அசிங்கப்படும்போது அந்தப் பெயர் தலைக்கு மேல் தொங்குகிறது. அவன் எந்தப் பக்கம் போவான் என்று படம் காட்டுவதில்லை.

ஒரு விடையை மட்டும் தந்திருக்கிறார்கள். மைக்கேல் என்ற மூத்த மாணவன் நினைவிருக்கிறதா? எல்லாராலும் கொண்டாடப்பட்டு, உதவித்தொகையும் வாங்கி, பெரிய நம்பிக்கையோடு வெளியே போனவன். கடைசிப் பகுதியில் அவன் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருக்கிறான். அந்தச் சந்திப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் பட்டமளிப்பு விழா வருகிறது. கூட்டுப்பாட்டு, வாத்தியக் குழு, நடனம் எல்லாம் சேர்ந்து அரங்கமே அதிர்கிறது. மைக்கேலைப் பார்த்த கண்ணோடு அந்தப் பாட்டைக் கேட்கும்போது, இவர்களில் எத்தனை பேர் நாளை தட்டு ஏந்தப் போகிறார்கள் என்று மனம் கணக்குப் போடும். இருந்தும் அந்தப் பத்து நிமிடம் பொய்யாகத் தெரிவதில்லை. அன்று, அந்த மேடையில், அவர்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் செய்கிறார்கள்.

நிஜ வாழ்க்கையில அந்த நடிகர்கள் என்ன ஆனாங்க?

ஐரீன் காரா 1983இல் 'ஃப்ளாஷ்டான்ஸ்' படப் பாட்டை இணைந்து எழுதிப் பாடி ஆஸ்கர் பெற்றார். 2022இல் 63 வயதில் காலமானார். ஜீன் ஆண்டனி ரே தொடர் முடிந்த பிறகு அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. 2003இல் 41 வயதில் இறந்தார். பாரி மில்லர் மேடையில் டோனி விருது வாங்கினார். பால் மெக்ரேனை 'ஈஆர்' மருத்துவத் தொடரின் கடுகடுப்பான மருத்துவராகப் பலர் பார்த்திருப்பீர்கள். லூயிஸ் ஃபால்கோ 1993இலும் ஆலன் பார்க்கர் 2020இலும் மறைந்தார்கள்.

டெபி ஆலன் நடனம், நடிப்பு, இயக்கம் என்று ஓயாமல் வேலை செய்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தமாக நடனப் பள்ளி நடத்துகிறார். 2009 படத்தில் அதே பள்ளியின் முதல்வராக வருபவரும் அவர்தான்.